கிளிமானூருக்கு வந்த கடிதங்கள்

ராஜா ரவிவர்மாவின் தூரிகையை நாடறியும். மன்னர்களோடும் திவான்களோடும் அவர் வைத்திருந்த கடிதத் தொடர்பையும், அதைச் சுமந்த தம்பியையும் அறிந்தவர்கள் குறைவு.

தடாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி செல்லும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் பேசப்படும் பகுதி. தென்னிந்தியாவின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பழைய வீட்டுப் பூஜை மாடத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு லட்சுமியைப் பார்க்கலாம். நீர்நிலையில் மலர்ந்த தாமரைமேல் நின்ற கோலம், சரிகைப் புடவை, அருகில் மாலை ஏந்திய யானை. இந்த முகத்தையும் நிற்கும் விதத்தையும் புடவைக் கட்டையும் வரைந்தவர் யார் என்று கேட்டால், "ரவிவர்மா படம்" என்று பதில் வரும்.

அந்த லட்சுமி இப்படி வீடுவீடாக வந்ததற்கு முன்னோடியாக ஒரு கடிதம் இருக்கிறது. அதை எழுதியவர் கும்பகோணத்தில் பிறந்த ஒரு திவான்.

திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் 1848 ஏப்ரலில் பிறந்தவர் ரவிவர்மா. பதினான்கு வயதில் தாய்மாமன் அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாளுக்குச் சிறுவனின் கை பிடித்துப்போயிற்று. எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் தொழில் ரகசியத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் வந்து உதவினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1868ல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் வந்தார். அவர் வேலை செய்வதை நின்று பார்க்க மட்டும் ரவிவர்மாவுக்கு அனுமதி கிடைத்தது. பார்த்தே கற்றுக்கொண்டார்.

அதுவரை அரண்மனை ஓவியன் என்றால் அரண்மனைச் சேவகன். மன்னர் வரையச் சொன்னதை வரைய வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். விலை பேசுவது மரியாதைக் குறைவு. இந்த வழக்கத்தைத் தாண்டிய முதல் அடி 1870ல் நிகழ்ந்தது. கோழிக்கோடு சப்-கோர்ட் நீதிபதி கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் தம் குடும்பத்தை வரையச் சொன்னார். ரவிவர்மா பணம் பெற்று வரைந்த முதல் படம் அதுதான் என்பார்கள். கொடுத்தவர் மன்னர் அல்ல, சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரி. புதிய வாடிக்கையாளர் வர்க்கம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

1873ல் சென்னைக் கண்காட்சியில் அவரது நாயர் பெண் ஓவியம் கவர்னரின் தங்கப் பதக்கம் பெற்றது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. 1875ல் வேல்ஸ் இளவரசருக்கு மகாராஜா கொடுத்த அன்பளிப்புகளில் ரவிவர்மாவின் படங்களும் இருந்தன. அடுத்து, துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையை வரைந்தார். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு அதை வாங்கிக்கொண்டார். சமஸ்கிருத அறிஞர் மோனியர் வில்லியம்ஸ் தம் சாகுந்தல மொழிபெயர்ப்பின் முகப்பில் அதை அச்சிட்டார். பக்கிங்ஹாம் பிரபுவே பிறகு ரவிவர்மா முன் உட்கார்ந்து தம்மை வரையச் செய்தார். கவர்னர் உட்கார்ந்துவிட்ட பிறகு மற்றவர்கள் தயங்குவார்களா?

கோரிக்கைகள் குவியத் தொடங்கின. மன்னர்களும் ஜமீன்தார்களும் வழக்கறிஞர்களும் எழுதினார்கள். ரவிவர்மாவுக்கு வரும் கடிதங்களைச் சமாளிக்கவே கிளிமானூரில் ஒரு தபால் நிலையம் திறக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. ஓர் ஓவியருக்காக ஒரு தபால் ஆபீஸ்! 

இதை வெறும் பெருமைக் கதையாகப் பார்க்க வேண்டியதில்லை. 1880ல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். புதிய மகாராஜாவோடு ரவிவர்மாவின் உறவு கசந்தது. பழைய காலமாக இருந்தால் ஆதரித்த அரசர் போனதோடு ஓவியனின் பிழைப்பும் போயிருக்கும். ரவிவர்மாவுக்கு அப்படி ஆகவில்லை. தபாலும் ரயிலும் அவருக்குப் பல அரண்மனைகளைத் திறந்துவிட்டிருந்தன. ஒரு கதவு மூடினால் இன்னொரு ஊரிலிருந்து அழைப்பு வரும்.

அப்படி வந்த முக்கியமான அழைப்பு பரோடாவிலிருந்து. அனுப்பியவர் சர் டி. மாதவ ராவ். கும்பகோணத்தில் 1828ல் பிறந்த தஞ்சை மராத்தியர். திருவிதாங்கூரில் திவானாக இருந்தபோதே இளம் ரவிவர்மாவை அறிந்தவர். இந்தூருக்குப் போய், பிறகு பரோடாவின் திவானானார். 1881ல் இளம் மன்னர் மூன்றாம் சயாஜிராவ் ஆட்சிப் பொறுப்பேற்ற விழாவையொட்டி ரவிவர்மாவை வரவழைத்தார். ரவிவர்மா தம்பியோடு போய்த் தங்கி, மன்னர் குடும்பத்தாரை வரைந்தார். 1885ல் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரிடமிருந்து அழைப்பு வந்தது. 1888ல் ஊட்டியில் சயாஜிராவைச் சந்தித்தபோது இன்னும் பெரிய பொறுப்பு கிடைத்தது: பரோடா அரண்மனைக்குப் பதினான்கு புராண ஓவியங்கள். அதற்கான தொகை 50,000 ரூபாய் என்று குறிப்பிடப்படுகிறது. 1890ல் படங்கள் முடிந்தன. பரோடா போய்ச் சேருமுன் திருவனந்தபுரத்திலும் மும்பையிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது.

மாதவ ராவின் இன்னொரு கடிதம்தான் வரதய்யபாளையம்வரை வந்து சேர்ந்தது. 1880களில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின் சாரம் இது: உங்கள் படங்கள் வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு ஏராளம். உங்களுக்கு இருப்பதோ இரண்டே கைகள். தேர்ந்தெடுத்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் நகலெடுக்கச் செய்யுங்கள். உங்கள் புகழும் பரவும், நாட்டுக்கும் சேவையாகும்.

கணக்குத் தெரிந்த நிர்வாகியின் யோசனை அது. உருவப்படம் வரைவது மெதுவாக நடக்கும் வேலை. வரையப்படுபவர் பலமுறை வந்து உட்கார வேண்டும். உட்கார நேரமில்லாதவர்கள் புகைப்படம் அனுப்புவார்கள். இறந்துபோனவரை வரைய வேண்டுமென்றாலும் புகைப்படம்தான் துணை. கறுப்பு வெள்ளையில் வந்த முகத்துக்கு நிறம் சேர்க்க வேண்டும். பட்டுக்கும் நகைக்கும் வண்ணம் கேட்டறிய வேண்டும். படம் எந்த அளவு, மார்பளவா, முழு உருவமா, என்ன விலை, எப்போது முடியும், எப்படி அனுப்புவது என்று ஒவ்வொன்றும் எழுதித் தீர்க்க வேண்டிய விஷயம்.

இந்த எழுத்து வேலையைச் செய்தவர் தம்பி சி. ராஜராஜ வர்மா. அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், ஆங்கிலத்தில் தேர்ந்தவர். அண்ணனுக்குச் செயலாளராகவும் மேலாளராகவும் பயணத் துணையாகவும் இருந்தார். அவரே நல்ல ஓவியர். இயற்கைக் காட்சிகளில் கைதேர்ந்தவர். அண்ணனின் பல படங்களில் பின்னணியை அவர் வரைந்திருக்கிறார். அரண்மனைச் சுவரில் ஒளிர்வது ரவிவர்மாவின் பெயர். அந்தப் படம் அங்கே போய்ச் சேருவதற்கான வழியெல்லாம் தம்பி போட்டுக்கொடுத்தது.

1895 முதல் 1904 வரை ராஜராஜ வர்மா ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். எர்வின் நியூமேயர், கிறிஸ்டின் ஷெல்பெர்கர் இருவரும் பதிப்பித்து 2005ல் அது புத்தகமாக வந்தது. மேதையைப் பற்றிய புகழுரையை எதிர்பார்த்து அதைத் திறப்பவர்கள் ஏமாறுவார்கள். ரயில் பயணம், தங்குமிடம், பார்த்த நாடகம், வந்து போனவர்கள், முடிந்த படம், முடியாத படம், பணக் கவலை என்று ஒரு தொழில்முறை ஓவியரின் அன்றாடம்தான் அதில் இருக்கிறது. ஓவியர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் இடையே நடந்த பேச்சை அறிய இவ்வளவு நெருக்கமான இந்தியச் சான்று அந்தக் காலத்திலிருந்து அபூர்வம்.

எல்லா ஊரும் ஒரே மாதிரி நடத்தவில்லை. 1901ல் உதயப்பூர் போனார்கள். மகாராணா ஃபதே சிங்கையும் அவரது முன்னோர்களையும் வரையும் பணி இருந்தது. ராணா பிரதாப் எப்போதோ மறைந்தவர். பழைய சிற்றோவியங்களை வைத்துக்கொண்டு அந்த வீரரை வரைய வேண்டியிருந்தது. அந்த வேலை நடந்தது. மறு ஆண்டு ஹைதராபாத். புகழ்பெற்ற புகைப்படக்காரர் லாலா தீன் தயாள் அவர்களை வரவேற்று உபசரித்தார். நிஜாம் மஹபூப் அலி கான் முன் தூரிகை பிடிப்போம் என்று சகோதரர்கள் நம்பிக் காத்திருந்தார்கள். வாரங்கள் ஓடின. எதிர்பார்த்த பணி கிடைக்கவில்லை. நாடே கொண்டாடிய ஓவியர் அப்போது ஐம்பதைக் கடந்திருந்தார். அந்த வயதில், அந்தப் புகழோடு, அரண்மனையிலிருந்து ஒரு சொல் வராதா என்று அவர் காத்திருந்தார். கடிதங்கள் அவருக்குச் சுதந்திரம் தந்தது உண்மை. அந்தச் சுதந்திரத்தின் எல்லை எது என்பது ஹைதராபாத்தில் தெரிந்தது.

மாதவ ராவின் யோசனையும் லேசாக நிறைவேறவில்லை. படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதில் அச்சகத்தையே இங்கு கொண்டுவந்தார் ரவிவர்மா. 1894ல் மும்பையில் பங்குதாரரோடு சேர்ந்து தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் தொழில்நுட்பக்காரர்களும் வந்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் விற்றுத் தீர்ந்தாலும் கடன் தீரவில்லை. மும்பையைப் பிளேக் நோய் உலுக்கிய நேரம் வேறு. லோனாவ்லாவுக்கு அருகே மாலவ்லிக்கு மாறிய அச்சகம், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. படங்களை அச்சிடும் உரிமையும் அவருக்கே. 1972ல் நேர்ந்த தீ விபத்து அந்த அச்சகத்தை அழித்தது.

பெயருக்கு முன்னால் இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் 'ராஜா'வும் காகிதத்தில் வந்ததுதான். 1904ல் கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அந்த ஆவணத்தில் 'ராஜா ரவிவர்மா' என்று இருந்தது. திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாளுக்கு அது பிடிக்கவில்லை, ஆட்சேபம் எழுந்தது. ஆனால் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். அதன்பின் உலகம் அவரை அப்படியே அழைத்தது.

பதக்கம் கிடைத்த மறு ஆண்டு, 1905ல், ராஜராஜ வர்மா இறந்தார். அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் பயணத்தைத் திட்டமிட்டவரும் பின்னணியில் மலையும் வானமும் தீட்டியவரும் ஒருசேரப் போனது போலிருந்தது. மைசூர் அரண்மனைக்கான ஒன்பது புராண ஓவியங்கள் கையில் இருந்தன. நீரிழிவு நோயோடு போராடியபடி ரவிவர்மா அந்த வேலையில் ஈடுபட்டார். 1906 அக்டோபர் 2ல் அவரும் மறைந்தார். இடையில் கழிந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை.

1979ல் மத்திய அரசு ரவிவர்மாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அவற்றை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. 2023ல் அவரது 'யசோதையும் கிருஷ்ணனும்' ஓவியம் மும்பை ஏல நிறுவனம் ஒன்றின் ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. பதினான்கு படத்துக்கு 50,000 ரூபாய் பெற்றவரின் ஒரே படம்.

அந்தக் காலத்தில் ஒரு ரவிவர்மா படம் வேண்டுமென்றால் செல்வாக்கு வேண்டும். கடிதம் எழுதத் தெரிய வேண்டும். காத்திருக்க வேண்டும். வரதய்யபாளையத்துப் பூஜை மாடத்து லட்சுமிக்காக யாரும் கிளிமானூருக்கு எழுதவில்லை. திருவிழாக் கடையில் சில காசு கொடுத்து வாங்கிச் சட்டமிட்டார்கள். மாலையிட்டார்கள். விளக்கேற்றினார்கள். அவர்கள் எல்லோர் சார்பிலும் சேர்த்து ஒரு திவான் என்றோ எழுதிவிட்டிருந்தார்.