கந்தபுராணத்தில் தேவர் சிறையும் மீட்பும்: ஆட்பட்ட இனத்தின் விடுதலை குறித்த ஒரு நோக்கு

பேரழகும் அழியா வாழ்வும் பெற்ற ஓர் இனம் தன்னினும் வலிய பகைவனுக்கு ஆட்பட்டு, நாட்டையும் தொழிலையும் மானத்தையும் இழந்தபின், மீண்டும் உரிமை பெறுதல் கூடுமா என்னும் வினா கற்பனை உலகங்களைப் படைக்கும் இலக்கியங்களில் திரும்பத் திரும்ப எழுவதாகும். மேலைநாட்டில் டோல்கீன் படைத்த எல்ஃப் இனத்தார் இவ்வினாவுக்கு உரியவராய் இன்றைய இளம் வாசகர்க்கு அறிமுகமாகியுள்ளனர். தமிழில் இதே வினா அதனினும் பல நூற்றாண்டு முன்னரே, அதனினும் விரிவாக எழுப்பப்பட்டுள்ளது. காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் 10,345 பாடல்களும் கொண்டது. முருகன் பெருமை கூறும் பத்தி நூலாகவே அது பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. எனினும் அதன் கதைப்போக்கைத் தொடக்கமுதல் இறுதிவரை இழுத்துச் செல்வது தேவர்சிறை என்னும் ஒரே செய்தியாகும். முருகன் தோன்றுவதும் தூது விடுப்பதும் போர் தொடுப்பதும் அச்சிறையை நீக்குதற்பொருட்டே. அச்சிறையின் இயல்பையும் மீட்பின் இயல்பையும் நூலின் அமைப்புவழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாவா நிலையும் முடியாச் சிறையும்

காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் ஆகியோர் வேள்வி இயற்றிச் சிவபெருமானிடம் வரம் பெறுகின்றனர். சூரபன்மன் பெற்ற வரம் 1,008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் உரிமையும், வச்சிர யாக்கையும், இந்திரஞாலம் என்னும் தேரும் ஆகும். தென்கடலில் வீரமகேந்திரபுரம் அமைத்து அவன் அரசாள்கின்றான்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது வரத்தின் கால அளவு. மானிட அடிமைக்கு இறப்பேனும் ஓர் எல்லையாகும். அமுதுண்ட தேவர்க்கு அவ்வெல்லை இல்லை. பிற இடங்களில் அவர்க்குப் பெருமை தரும் சாவாமையே சூரன் ஆட்சியில் அவர்தம் துன்பத்தை நீட்டிக்கும் கருவியாகின்றது. ஒறுப்பு எத்துணைக் கொடியதாயினும் உயிர் நீங்காது. உயிர் நீங்காதவரை ஒறுப்பும் நீங்காது. டோல்கீனின் மறைவுக்குப்பின் 1977-இல் வெளியான சில்மரில்லியன் நூலிலும், மோர்கோத்தின் சுரங்கங்களில் உழைக்கும் எல்ஃப் இனத்தார் முதுமையால் இறவாதவராதலின் இதனையொத்த இடரில் அகப்படுகின்றனர். அங்கிருந்து தப்பிவரும் க்விந்தோர் என்பவன் உருக்குலைந்து, தன் நகரத்தாராலேயே அடையாளம் காணப்படாதவனாகின்றான். இரு படைப்பாளரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க இயலாதவர். அழியா இனம் அடிமைப்பட்டால் என்னாகும் என்னும் வினாவின் தருக்கமே இருவரையும் ஒரே இடத்திற்குக் கொண்டு சேர்த்தது எனலாம்.

சிறைக்கு அஞ்சி இந்திரன் இந்திராணியுடன் சீகாழியில் மறைந்து வாழ்கின்றான். அவன் வளர்த்த நந்தவனம் மழையின்றி வாடும்போது, விநாயகர் காகமாகிச் சென்று அகத்தியர் கமண்டலத்தைக் கவிழ்த்துக் காவிரியைப் பெருகச் செய்கின்றார். மழைக்குத் தலைவனாகிய இந்திரன் தன் பூஞ்செடிக்கு நீரின்றி வருந்துவது அவன் இழந்தது எதுவென்பதை ஒரே காட்சியில் உணர்த்திவிடுகின்றது. பின்னர், சூரனின் தங்கை அசமுகி இந்திராணியைக் கவர முயன்று மாகாளரால் கை துணிக்கப்படுகின்றாள். அதற்குப் பழிவாங்கச் சூரன் மகன் பானுகோபன் விண்ணுலகு புகுந்து, இந்திரன் மகன் சயந்தனையும் தேவரையும் சிறைப்பிடித்து மகேந்திரபுரம் கொணர்கின்றான். இந்தப் பானுகோபன் தொட்டிலில் கிடந்த பருவத்தில் தன்மேல் வெயில் பட்டதற்காகக் கதிரவனையே பிடித்துக் கட்டியவன். அவன் பெயர்க் காரணமும் அதுவே.

சுமத்தல் என்னும் இழிவு

சிறைப்படுமுன்னரே தேவர்கள் ஏவல் செய்வோராய் இருந்தனர். அவர்க்கு இடப்பட்ட பணிகளுள் புலவர் தனியே எடுத்து இரங்குவது கடல்மீனைச் சுமந்துவந்து அவுணர்க்கு இடும் பணியாகும். தேவர் துன்பத்தின் உச்சமாக நூலில் இதுவே நிற்கின்றது.

கடற்கரை ஊர்களிலிருந்து நோக்கும்போது இப்பகுதி வேறொரு பொருள் தருகின்றது. புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனில் உள்ள பிள்ளையார்குப்பம் உழவர் வாழும் ஊர். அதற்குக் கிழக்கே பன்னித்திட்டு, நரம்பை முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்ற பெண்களின் உழைப்பால் வளர்ந்த குடும்பங்கள் இப்பகுதியில் பல. அவர்க்கு மீன் சுமத்தல் இழிவன்று, அது சோறு. அங்ஙனமாயின், கந்தபுராணம் தேவர்க்கு நேர்ந்த கேடாகக் கூறுவது எதனை? புலால் தீண்டாமையைத் தூய்மையாகக் கருதும் வருண நோக்கு அப்பாடல்களில் கலந்துள்ளது என்பதை மறைத்தற்கில்லை. தொழிலின் வகையைக் கொண்டே இழிவை அளக்கும் அந்நோக்கை இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்க இயலாது.

ஆயினும் நூல் அவ்வளவில் நின்றுவிடவில்லை. யுத்த காண்டத்தின் இறுதிப் போரில் இந்திரன் மயிலாகி முருகனைச் சுமக்கின்றான், அக்கினி கோழிக்கொடியாகின்றான். முன்னர்ச் சுமையைப் பெரும் மானக்கேடாகக் கருதி ஒளிந்தவனே இப்போது தானே முன்வந்து முதுகு கொடுக்கின்றான். இரண்டும் சுமத்தலே. ஏவப்பட்டுச் சுமப்பதற்கும் விரும்பிச் சுமப்பதற்கும் இடையே உள்ள தொலைவைக் காட்ட இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடிமைத்தனம் தொழிலில் இல்லை, மறுக்கவியலாமையில் உள்ளது என்னும் கருத்து நூலாசிரியர் வெளிப்படக் கூறாத ஒன்று; எனினும் கதை அதனைக் கூறிவிடுகின்றது. மீட்பன் வந்து மீட்கும்வரை மீட்கப்படுவோர் வாளாவிருந்தனர் என்னும் பொதுக்கருத்தும் இக்காட்சியால் ஒருவாறு மறுக்கப்படுகின்றது. இதற்கும் முன்னரே, சிவபெருமானின் யோகத்தைக் கலைக்கச் சென்று எரிந்த மன்மதன் தேவர் விடுதலைக்குத் தன்னை விலையாகக் கொடுத்தவன் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

சிறையை விடுக என்னும் சொல்

முருகன் படையெடுத்து வந்தும் உடனே போர் தொடங்கவில்லை. வீரவாகுவைத் தூதனுப்புகின்றார். வீரவாகு மகேந்திரபுரத்துள் புகுந்து சிறையில் வாடும் சயந்தனைத் தேற்றிய பின்னரே சூரன் அவைக்குச் செல்கின்றான். தூதின் பொருள் ஒன்றே: தேவரைச் சிறையினின்று விடுத்தால் சூரன் தன் செல்வத்தோடு வாழலாம். அவன் நாடோ முடியோ கேட்கப்படவில்லை. போரின் நோக்கம் எதிரியை அழிப்பதாயின் இத்தகைய தூதுக்கு இடமில்லை.

சூரன் தரும் மறுமொழி எளிதில் தள்ளத்தக்கதன்று. தேவர் முன்னர் அவுணர் குலத்துக்கு இழைத்த தீங்குகளை அவன் காரணமாகக் காட்டுகின்றான். அவன் ஆசான் சுக்கிரன் ஊட்டிய பாடமும் அதுவே. இருபதாம் நூற்றாண்டில் திராவிட இயக்கத்தார் தேவாசுரக் கதைகளைத் தலைகீழாகப் படித்து அவுணரே ஒடுக்கப்பட்டோர் என்றனர். அவ்வாசிப்புக்கான இடம் நூலினுள்ளேயே சூரன் வாய்மொழியாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. எனினும் பழைய தீங்கு புதிய சிறைக்கு நியாயமாகுமா என்னும் கேள்விக்கு மறுப்பு அவுணர் அவையிலிருந்தே எழுகின்றது. சிங்கமுகன் தேவரை விடுவிக்குமாறு தமையனிடம் மன்றாடுகின்றான். போரில் ஆற்றல் கண்டபின் பானுகோபனும் தந்தையிடம் அதனையே கூறுகின்றான். அமராவதியை எரித்து அவரைச் சிறைப்பிடித்தவன் அவன் என்பது நினைவுகொள்ளத்தக்கது.

இவ்விருவர் சொல்லும் கேட்கப்படவில்லை. ஆயினும் கதையில் அவை ஆற்றும் பணி பெரிது. சிறை விதியின் விளைவு என்றும் வரத்தின் விளைவு என்றும் கருதிய நிலை மாறி, அது ஓர் அரசன் நாள்தோறும் மேற்கொள்ளும் முடிவு என்பது அவர்தம் சொல்லால் வெளிப்படுகின்றது. வரம் ஆட்சியைத் தந்தது. சிறையை வரம் தரவில்லை. சிங்கமுகன் அறிவுரை தோற்றபின் தமையனுக்காகவே போரிட்டு மடிகின்றான். கும்பகருணனோடு அவனை ஒப்பிடுவது மரபு. கும்பகருணன் விடச் சொன்னது ஒருத்தியை. சிங்கமுகன் விடச் சொன்னது ஓர் இனத்தை. இவ்வேறுபாட்டுக்கு ஒப்பீட்டாளர் உரிய இடம் அளித்திலர்.

கடற்கரையில் நிகழும் சூரசங்காரத்தில் இச்சிறை பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை. ஐப்பசிக் கந்த சட்டியில் யானைமுகம், சிங்கமுகம், சூரன்முகம், மாமரம் எனத் தலைகள் மாறுகின்றன, வேல் பாய்கின்றது, மறுநாள் திருக்கல்யாணம். எதற்காகப் போர் நிகழ்ந்ததோ அவர்கள் வெளிவரும் காட்சிக்கு அங்கு இடமில்லை. நூலை முறையாகப் படித்துப் பயன் சொல்லும் புராணபடன மரபு தழைத்த யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. அப்பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை வழங்கினார். அங்குச் சூரன்போரைக் காண்பவர் சயந்தன் புலம்பலையும் செவியால் அறிந்தவராயிருக்க வாய்ப்புண்டு.

விண்குடியேற்றமும் சயந்தன் வினாவும்

மாமரமாய் நின்ற சூரன் வேலால் பிளவுண்டு மயிலும் சேவலுமாகி ஊர்தியும் கொடியும் ஆகின்றான். மயிலான இந்திரன் அப்போது சுமை நீங்குகின்றான். புதுச்சேரிக்கு அணித்தான மயிலம் குன்றின் தலவரலாறு, சூரன் மயிலுருவில் தவமிருந்து மலையாகிய இடம் அதுவென்கின்றது. ஒடுக்கியவன் தண்டனையோடு மறையாமல் ஊர்தியாகித் தொடர்வது இக்கதையின் தனித்தன்மை. அவன் மகன் இரணியனோ தந்தைக்கு இறுதிக்கடன் ஆற்றும்பொருட்டு மீனாகிக் கடலுள் மறைகின்றான். தேவர் சுமந்த மீனே அவுணன் மகனுக்கு உருவாகின்றது. புலவர் இதனைக் கருதிச் செய்தாரோ இல்லையோ, படிப்போர் மனம் அவ்விரண்டையும் இணைக்காமல் இராது.

சிறைப்பட்டோர் வெளிக்கொணரப்பட்டபின் மகேந்திரபுரத்தைக் கடல் கொள்கின்றது. சில்மரில்லியனிலும் எல்ஃப் அடிமைகள் பெரும்போருக்குப்பின் ஒளியைக் காண்கின்றனர். அவர்தம் பழைய நிலமோ கடலுள் ஆழ்கின்றது. அங்கே மூழ்குவது வாழ்ந்த நாடு. இங்கே மூழ்குவது சிறையிருந்த நகர். எல்ஃப் இனத்தார்க்குத் திரும்ப வீடில்லை. தேவர்க்கு உண்டு, ஆனால் அது எரிந்து கிடக்கின்றது. எனவேதான் தேவ காண்டத்தில் ‘விண்குடியேற்று படலம்’ தேவைப்படுகின்றது. வெற்றிக்கும் முடிசூட்டுக்கும் நடுவே நகர் சமைத்துக் குடியேற்றும் செயலுக்கெனத் தனிப் படலம் வகுத்தது கச்சியப்பரின் நுண்ணுணர்வு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் விடுவித்தலோடு நில்லாமல், விடுவிக்கப்பட்டோரின் மறுவாழ்வைக் கண்காணிக்கும் பொறுப்பை மாவட்ட, உட்கோட்ட அளவிலான குழுக்களிடம் ஒப்படைத்துள்ளது. சூளையிலிருந்தும் மரம்வெட்டும் காட்டிலிருந்தும் மீட்கப்பட்டவர் குடியிருக்க இடமும் பிழைக்க வழியுமின்றி அதே முதலாளியிடம் மீள நேர்வதை அறிந்தோர்க்கு இப்படலத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

நூல் இவ்விடத்தும் முடியவில்லை. காலத்தால் முற்பட்ட தக்கன் வேள்விக் கதை இறுதிக் காண்டமாக வைக்கப்பட்டுள்ளது. விடுதலை பெற்ற சயந்தன் தேவகுருவாகிய வியாழனிடம், தமக்கு இத்துன்பம் வந்த காரணம் யாதென வினவுகின்றான். சிவனை நீக்கித் தக்கன் செய்த வேள்வியில் அமர்ந்து அவியுண்ட பிழையே காரணம் என்பது விடை. சைவ மரபுக்கு இவ்விடை நிறைவு தருவது. ஆயினும் இதனுள் ஓர் இடர் உண்டு: ஒடுக்கப்பட்டோரின் துன்பத்துக்கு அவர்தம் பழவினையையே காரணமாக்கும் விடை, ஒடுக்கியவனின் பொறுப்பைக் குறைத்துவிடுகின்றது. சாதிக் கொடுமைக்கு முற்பிறப்பைக் காரணம் காட்டிய வாதங்களும் இவ்வழியே வந்தவை.

இவ்விடைக்கு ஈடாக நிற்பன இரண்டு. ஒன்று, வியாழன் கூறும் பிழை பிறப்பைப் பற்றியதன்று, செயலைப் பற்றியது. ததீசி முனிவர் தடுத்துக் கூறியும் வலியவன் அவையில் வாய்மூடி இருந்து உண்டதே குற்றமாகின்றது. தக்கன் முன் வாய்மூடியவரே சூரன் முன்னும் வாய்மூட நேர்ந்தது எனப் படிக்க இடமுண்டு. மற்றொன்று வினாவின் காலம். மகேந்திரபுரத்துச் சிறையில் சயந்தன் புலம்பினான்; கனவில் முருகனைக் கண்டு ஆறுதலுற்றான்; வீரவாகு தேற்றத் தேறினான். அப்போதெல்லாம் அவன் வேண்டியது விடுதலையை. காரணம் கேட்கும் ஓய்வும் துணிவும் அவனுக்கு வாய்த்தது, விண்ணில் மீண்டும் குடியேறியபின், தன் ஆசான் முன் அமர்ந்தபோதே.