வெள்ளியும் அரங்கும்: லெட்வில் நகரின் டேபர் ஒப்பேரா மாளிகை

கலையரங்குகளின் வரலாற்றை அவற்றைக் கட்டுவித்த செல்வந்தரின் வாழ்க்கை வரலாறாக எழுதுவது முதலாளித்துவ வரலாற்றெழுத்தியலில் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேலே அமைந்த லெட்வில் என்னும் சிறுநகரின் டேபர் ஒப்பேரா மாளிகையும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

ஹொரேஸ் டேபர் பலசரக்குக் கடை நடத்தியவர். 1878 இல் கனிமம் தேடிய இருவருக்கு உணவும் கருவிகளும் அளித்து, கிடைப்பதில் மூன்றிலொரு பங்கு கேட்டார். அவர்கள் வெள்ளியைக் கண்டனர். கடைக்காரர் சுரங்க முதலாளியானார். 1879 நவம்பரில் மாளிகை திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் கடைகள், மேல்தளத்தில் அரங்கு. வணிகத்தின் தோள்மீது கலை என்பதற்கு இதனினும் தெளிவான கட்டடச் சான்று வேண்டியதில்லை. பெயரும் ஆராயத்தக்கதே. இத்தகைய சிறுநகர் மாளிகைகளிற் பெரிதும் நிகழ்ந்தவை நாடகங்களும் கதம்ப நிகழ்ச்சிகளும் சொற்பொழிவுகளுமே. நாடகசாலையை ஒழுக்கக்கேட்டின் இருப்பிடமாகக் கருதிய மத்தியதர வர்க்கத்துக்கு 'ஒப்பேரா' என்ற சொல் ஐரோப்பிய மேன்மையின் மேலாடையாயிற்று.

அரங்கு திறந்து ஓராண்டு நிறையுமுன்னரே, 1880 மே இறுதியில், மூன்று டொலர் நாட்கூலியை நான்காக உயர்த்தக் கோரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போது மாநிலத்தின் துணை ஆளுநராயிருந்த டேபர் உரிமையாளர் பக்கம் நின்றார். ஜூனில் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது, போராட்டம் முறியடிக்கப்பட்டது. மாளிகையின் புகழ்பாடும் எழுத்துக்கள் இதனை அதனோடு தொடர்புபடுத்துவது அரிது. எம்மைப் பொறுத்தவரையில், இவ்விரண்டும் ஒரே உபரியின் இரு முகங்களே.

1882 இல் ஒஸ்கார் வைல்ட் இம்மேடையில் உரையாற்றினார். இத்தாலிய மறுமலர்ச்சிக்காலப் பொற்கலைஞர் செல்லினியைப் பற்றிக் கேட்ட தொழிலாளர், அவரை ஏன் அழைத்து வரவில்லையென வினவினராம். இறந்துவிட்டாரென்றதும், யார் சுட்டதென்றனராம். வைல்ட் சொன்ன இக்கதை அவர்களது அறியாமைக்குச் சான்றாக இன்றும் நகைச்சுவையாக மீட்டுரைக்கப்படுகின்றது. வெள்ளியை வெட்டியெடுத்தவருக்கே வெள்ளி வேலைப்பாட்டின் அழகு போதிக்கப்பட்டமைதான் எமக்கு நகைப்பைத் தருகின்றது.

1893 இல் ஐக்கிய அமெரிக்க அரசு வெள்ளிக் கொள்வனவுச் சட்டத்தை நீக்கியதும் விலை சரிந்தது. டேபரின் செல்வமும் சரிந்தது. மாளிகை கைமாறியது. இடிபடும் நிலையிலிருந்த அதனை 1955 இல் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாங்கிக் காத்தார். 2016 இல் அது நகரசபையின் உடைமையாயிற்று. அதே நகரின் எவர்கிரீன் மயானத்தில் பெயர்க்கல்லின்றிப் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட அயர்லாந்தவருக்கான நினைவுச்சின்னம் 2023 இலேயே திறக்கப்பட்டது.