மோதிரத்தைக் கடந்தால் போதுமா?

காஷ்மீருக்குச் சுற்றுலா செல்வோர் பலரும் பஷ்மினா சால்வை ஒன்றை வாங்கிவர விரும்புவர். அப்பெயரில் சில நூறு ரூபாய்க்கும் சால்வை கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இத்தனை வேறுபாடு ஏன் என்பதை அறிய, லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்திலிருந்து தொடங்குவோம்.

கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சாங்பா என்னும் நாடோடி மேய்ப்பர்கள் வெள்ளாடுகளை வளர்க்கின்றனர். கடுங்குளிரைத் தாங்குவதற்காக, அவற்றின் முரட்டு உரோமத்துக்கு அடியில் மெல்லிய உள்மயிர் வளர்கிறது. குளிர்காலம் முடிந்து அது உதிரும் பருவத்தில், சீப்பால் வாரி எடுக்கின்றனர். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே பெரிது. தூய்மை செய்தபின் எஞ்சுவது இன்னும் குறைவு. பாரசீகத்தில் கம்பளியைக் குறிக்கும் 'பஷ்ம்' என்னும் சொல்லே பஷ்மினா ஆயிற்று.

இந்த இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான்; நம் தலைமயிரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இழைகளுக்கிடையே தங்கும் காற்று உடலின் வெப்பத்தைக் காப்பதால், எடை குறைந்த சால்வையும் நல்ல கதகதப்பைத் தருகிறது. காஷ்மீர்ப் பெண்கள் இதனை இராட்டையில் நூற்கின்றனர். நெசவாளர்கள் கைத்தறியில் நெய்கின்றனர்.

15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் இக்கலையை வளர்த்ததாக மரபு கூறுகிறது. 1846ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் உடன்படிக்கைப்படி, மகாராஜா குலாப் சிங் ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் அளிக்கவேண்டியவை ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று இணை காஷ்மீர்ச் சால்வைகள். ஐரோப்பியச் சீமாட்டிகள் இவற்றை விரும்பி அணிந்ததைக் கண்டு, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர ஆலைகள் போலிகளை நெய்து குவித்தன. நாம் 'மாங்காய்' என்றழைக்கும் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் அந்நகரின் பெயரே நிலைத்துவிட்டது.

போலிகளின் தொல்லை இன்றும் தீரவில்லை. மென்மையான இவ்விழையை இயந்திரத்தில் நூற்பதற்காக நைலானைக் கலந்து, பின்னர் அமிலத்தால் அதைக் கரைத்து நீக்கும் முறையும் உண்டு. இதனால் இழை வலுவிழக்கிறது. கையால் நூற்கும் பெண்களின் கூலியும் பறிபோகிறது. 2008இல் 'காஷ்மீர் பஷ்மினா'வுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இழை 16 மைக்ரானுக்கு மிகாதிருத்தல், கையால் நூற்றல், கையால் நெய்தல் ஆகியவை அதற்குரிய நிபந்தனைகள். ஸ்ரீநகரில் உள்ள ஆய்வு மையம் சோதித்துத் தேறிய சால்வைகளில் குறியீட்டு முத்திரை இணைக்கப்படுகிறது.

மோதிரத்துக்குள் நுழைந்தால் அசல் என்பர் விற்பனையாளர். மெல்லிய விஸ்கோஸ் துணியும் நுழையும். இழையை எரித்தால் மயிர் கருகும் வாடை வரவேண்டும் என்பர். செம்மறியாட்டுக் கம்பளியும் அதே வாடையைத் தரும். ஆகவே புவிசார் குறியீட்டு முத்திரையைக் கேட்டுப் பார்ப்பதும், 'கையால் நூற்று நெய்த பஷ்மினா' என்று தெளிவாக எழுதிய ரசீதைப் பெறுவதுமே தக்க வழி. 'ஷாதூஷ்' என்று எவரேனும் காட்டினால் விலகிவிடுதல் நலம். சிரு என்னும் திபெத்திய மானைக் கொன்றே அவ்விழை எடுக்கப்படுகிறது. அதன் வணிகம் சட்டப்படி குற்றமாகும்.

நாம் முத்திரையைக் கேட்டு வாங்கும் ஒவ்வொரு சால்வையும் சாங்தாங் மேய்ப்பருக்கும், இராட்டையின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் அவர்தம் உழைப்பின் விலையைக் கொண்டுசேர்க்கும்.