கிருமியின் வெளியுறையும் கொலிஸ்டின் மருந்தும்

கோழித் தீனியுடன் மருந்தைக் கலந்து கொடுக்கும் வழக்கம் பல நாடுகளிலும் பரவியிருந்தது. குஞ்சுகளுக்குக் கழிச்சல் வராமல் தடுக்கவும், அவை சீக்கிரம் எடை கூடவும் இவ்வாறு கலக்கப்பட்டவற்றுள் கொலிஸ்டின் என்பதும் ஒன்றாகும். உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கென இதனைத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய சர்க்கார் 2019-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தடை செய்தனர். தடையின் நியாயம் விளங்க வேண்டுமாயின், இம்மருந்து கிருமியைக் கொல்லும் விதத்தை முதலில் அறிதல் அவசியம்.

மருந்து வேலை செய்யும் விதம்

ஈ. கோலை, சால்மோனெல்லா முதலிய கிருமிகளுக்கு உள்ளுறை, வெளியுறை என இரண்டு உறைகள் உண்டு. வெளியுறையின் மேற்புறம் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒருவகைப் பொருளால் ஆனது. இப்பொருளில் பாஸ்பேட் அடங்கியிருப்பதால் அது எதிர் மின்னூட்டம் உடையது. ஒரே இன மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று தள்ளும் இயல்பின. அவ்வாறு விலகிப் போகாதபடி மக்னீஷியமும் கால்ஷியமும் இடையில் நின்று, செங்கற்களைச் சாந்து பிடிப்பதுபோல் பிடித்து நிற்கின்றன.

கொலிஸ்டின், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைப்பது. நேர் மின்னூட்டம் உடையது. ஆகையால் அது வெளியுறையில் சென்று ஒட்டி, மக்னீஷியத்தையும் கால்ஷியத்தையும் அப்புறப்படுத்திவிடுகிறது. சாந்து உதிர்ந்த சுவர்போல் உறை தளர்கிறது. பின்னர் உள்ளுறையும் சிதைய, உள்ளிருக்கும் சத்து கசிந்து கிருமி மடிகிறது. வெளியுறை இல்லாத கிருமிகளிடத்தில் இம்மருந்து பலிப்பது அரிது. வைரஸினால் வரும் வெள்ளைக் கழிச்சலுக்கு இதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

எதிர்ப்பு தோன்றுதல்

சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வது கண்டு, 1970-களில் வைத்தியர்கள் இம்மருந்தைப் பெரும்பாலும் கைவிட்டனர். பிற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகவே, மறுபடியும் இதனை நாட வேண்டியதாயிற்று. இன்று ஆஸ்பத்திரிகளில் வேறு மருந்து பலிக்காதபோது கடைசியாகக் கையாளப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று.

2015-ம் வருஷம் நவம்பரில், எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைச் சீன விஞ்ஞானிகள் வெளியிட்டனர். பன்றிகளிடமும், இறைச்சியிலும், நோயாளிகளிடமும் கிடைத்த கிருமிகளில் அது காணப்பட்டது. அம்மரபணு உடைய கிருமி, தன் வெளியுறையின் பாஸ்பேட்டின்மேல் வேறொரு பொருளைச் சேர்த்து, எதிர் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. மருந்து முன்போல் ஒட்டுவதில்லை. அன்றியும், இம்மரபணு ஓரினக் கிருமியிலிருந்து வேறினக் கிருமிக்கும் தாவ வல்லது. தீனியில் நாள்தோறும் சிறு அளவாக மருந்து கலப்பது, பயிரைப் பிடுங்கிவிட்டுக் களைக்கு நீர் பாய்ச்சுவதை ஒக்கும். எளிய கிருமிகள் அழிய, வலிய கிருமிகளே பெருகும். அவை எருவின் வழியாக நிலத்திலும் நீரிலும் சேரும்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

தீனியையும் மருந்தையும் வாங்கும்போது சீட்டில் கண்டுள்ள பெயர்களைப் படித்துப் பார்த்தல் வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்குக் காலத்தில் தடுப்பு மருந்து போடுதல், தண்ணீர்ப் பாத்திரங்களைச் சுத்தமாக வைத்தல், கொட்டகைத் தரையை ஈரமின்றிக் காத்தல் ஆகியவையே முதற் பாதுகாப்பு. நோய் கண்டால் கால்நடை வைத்தியரின் யோசனைப்படியே மருந்து கொடுக்க வேண்டும். கோழி எருவை நன்கு மக்கவைத்த பின்னரே வயலுக்கு இடுவது நலம்.

சீனாவில், வளர்ச்சிக்காகத் தீனியில் கொலிஸ்டின் கலப்பது 2017-ல் நிறுத்தப்பட்டது. அதன்பின் அடங்காத கிருமிகள் பண்ணைகளிலும் மக்களிடத்தும் குறைந்தன. ஆகையால் இத்தடையைக் கிராம அதிகாரிகள் கோழி வளர்ப்போருக்கு எடுத்துரைத்தல், ஊராரின் உயிரைக் காக்கும் காரியமாகும்.