இன்கா நகருக்கு ஒரு செலவு

பழந்தமிழில் 'செலவு' என்பது பயணத்தின் பெயர். பொருள் தேடிப் பிரிய எண்ணிய தலைவன், புறப்பட மனமின்றித் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்று ஒரு துறையாகவே வகுத்தனர் முன்னோர். இன்று அச்சொல் கைப்பொருள் கரைவதையே பெரிதும் குறிக்கிறது. இவ்விரு பொருள்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதை, வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சென்று வருவதற்கு எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்!

அண்மைக் காலமாக நம் இல்லங்களில் இன்னொரு கணக்கும் எழுந்துள்ளது. மகனோ மகளோ அமெரிக்காவில் பணிபுரிய, பெற்றோர் அங்கே சில திங்கள் தங்கி வருகின்றனர். "இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம்; மாயர்களும் இன்காக்களும் விட்டுச் சென்ற பழம்பதிகளையும் பார்த்துவிடலாமே" என்ற ஆவல் எழுவது இயல்பு. அடுத்த நொடியே எழும் வினா, "என்ன செலவாகும்?" என்பது. அவ்வினாவுக்கு, பெரு நாட்டு மாச்சு பிச்சுவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை காண்போம்.

மாச்சு பிச்சு 15-ஆம் நூற்றாண்டில் இன்கா வேந்தர் எழுப்பிய மலை நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில், காரை பூசாமல் கல்லோடு கல் இழைத்துக் கட்டிய சுவர்களும் படிப்படியான கழனிகளும் கொண்டது. துங்கபத்திரைக் கரையில் விஜயநகரம் சிறந்திருந்த அதே காலம் அது. ஸ்பானியர் 1533-ஆம் ஆண்டில் இன்காக்களின் தலைநகரான குஸ்கோவில் புகுந்தனர். 1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போருக்குப்பின் விஜயநகரம் வீழ்ந்தது. உலகின் இரு கோடிகளில் இருந்த இரண்டு பேரரசுகள் ஒரே நூற்றாண்டில் சாய்ந்தன. மலைவாழ் உழவர்கள் அறிந்திருந்த இவ்விடத்தை 1911-இல் ஹைரம் பிங்ஹாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வெளியுலகிற்கு அறிவித்தார். 1983-இல் அது உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இனி, கணக்கைப் பார்ப்போம். டாலரை 90 ரூபாய் என்றும், பெரு நாட்டு நாணயமாகிய சோலை 25 ரூபாய் என்றும் கொள்வோம். அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டார் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 152 சோல், அதாவது சுமார் 3,800 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று தோன்றலாம். ஆனால் மலையடிவாரத்திலுள்ள அகுவாஸ் கலியெந்தெஸ் என்ற சிற்றூருக்கு மோட்டார் சாலை கிடையாது. ஒயாந்தாய்தாம்போ என்னும் ஊரிலிருந்து இரயிலேற வேண்டும். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அத்தொலைவுக்குப் போகவர, வெளிநாட்டார் நூறு டாலருக்குக் குறையாமல் கொடுக்க நேரும். நேரத்தையும் வண்டியையும் பொறுத்து இன்னும் மிகுதியாகவும் ஆகும். அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பேருந்துக்குப் போகவர 24 டாலர். ஆக, கோட்டை வாயிலில் கொடுப்பதைப் போல் மூன்று மடங்கு, அவ்வாயிலை அடையும் கடைசி வழிக்கே ஆகிறது.

இதற்கு முன்னே விமானம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து பெருவின் தலைநகரான லிமாவுக்கு நேர் விமானம் இல்லை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ மாறிச் செல்ல வேண்டும். கட்டணம் பருவத்துக்கேற்ப மாறினும், போகவர ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்து வைப்பதே அறிவுடைமை. அமெரிக்காவில் தங்கியிருப்போருக்கு இந்தச் சுமை பெரிதும் குறையும். மேலும், குறைந்தது ஆறு திங்கள் செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்துள்ள இந்தியர், பெரு நாட்டுக்குத் தனி விசா இன்றியே சுற்றுலா செல்லலாம். மெக்சிகோவும் அமெரிக்க விசா உடையோருக்கு இச்சலுகையை அளிக்கிறது. விதிகள் மாறக் கூடியவையாதலால், புறப்படுமுன் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்க.

உடலும் தன் கணக்கைக் கேட்கும். குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகையைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அங்கே இறங்கியவுடன் தலைவலியும் மூச்சுத் திணறலும் பலரை வருத்தும். வயது முதிர்ந்தோர் மருத்துவரைக் கலந்துகொள்வதும், ஓரிரு நாள் ஓய்வுக்கென ஒதுக்குவதும் இன்றியமையாதன. அந்த நாட்களின் விடுதி வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவ்வூரார் அருந்தத் தரும் கோக்கா இலைக் கஷாயத்தை அங்கே அருந்தலாம். அவ்விலையை நினைவுப் பொருளாக இந்தியாவுக்குக் கொணர்வது சட்டப்படி குற்றம்.

சிக்கனம் நாடுவோர்க்கு வழிகள் இல்லாமல் இல்லை. இரயிலுக்கு மாற்றாக, குஸ்கோவிலிருந்து ஆறேழு மணி நேரம் வேனில் சென்று, நீர்மின் நிலையம் அமைந்த இடத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிப் பத்துக் கிலோமீட்டர் அளவு நடந்தும் அடிவாரத்தை அடையலாம். இளைஞர் பலர் அவ்வாறே செல்கின்றனர். இன்னொன்று: குஸ்கோவின் சுற்றுலாச் சீட்டு 130 சோல் விலையில் 16 இடங்களுக்குப் பத்து நாள் அனுமதி தந்து வந்திருக்கிறது. பெரும் பாறைகளை அடுக்கிய சாக்சாய்வாமான் அரண், பீசாக் மலைக் கழனிகள், ஒயாந்தாய்தாம்போக் கோட்டை ஆகியவை அவற்றுள் அடங்கும். புகழ்பெற்ற ஓர் இடத்துக்கு 152 சோல்; புகழ் குறைந்த பதினாறு இடங்களுக்கு அதனினும் குறைவு. விலையை நிறுத்துக் கூறும் தராசில் அழகோடு புகழும் ஏறி உட்கார்ந்திருப்பதை இங்கே காணலாம்.

இத்துணைக் கட்டணம் வெளிநாட்டாருக்கு மட்டும் ஏன் என்று சிலர் குறைபடுவதுண்டு. பெரு நாட்டார்க்கு மாச்சு பிச்சுவின் கட்டணம் 64 சோல். அவர்களுக்கெனக் குறைந்த கட்டண இரயிலும் ஓடுகிறது. அதில் நாம் ஏற முடியாது. குவாத்தமாலாவின் திக்கால் காட்டில் உள்ள மாயக் கோயில்களைக் காண அந்நாட்டார் 25 கெட்சால் கொடுக்க, வெளிநாட்டார் 150 கெட்சால் கொடுத்து வந்தனர். மெக்சிகோவில் ஞாயிறுதோறும் தொல்லியல் இடங்களில் மைய அரசின் கட்டணத்தை அந்நாட்டு மக்கள் செலுத்த வேண்டுவதில்லை. சிச்சேன் இட்சாவிலோ மைய அரசுக்கு ஒன்று, யுகட்டான் மாநிலத்துக்கு ஒன்று என வெளிநாட்டார் இரு கட்டணங்கள் செலுத்துகின்றனர். இரண்டும் சேர்ந்து 600 பெசோவைத் தாண்டுகின்றன.

இது அநீதி என்று நாம் கூறுவதற்கில்லை. ஹம்பியில் நாம் 40 ரூபாய் கொடுக்கும் வாயிலில் வெளிநாட்டார் 600 ரூபாய் கொடுத்து வந்திருக்கின்றனர். தாஜ்மகாலில் நமக்கு 50 ரூபாயாக இருந்த கட்டணம் அவர்களுக்கு 1,100 ரூபாய். விருந்தினர் வந்தால் அக்கட்டணத்தை நியாயம் என்று எடுத்துரைக்கும் நாம், அங்கே நாம் விருந்தினராகும்போது மட்டும் முகஞ்சுளிக்கலாமா? தன் முன்னோர் கட்டிய சுவரைக் காண அவ்வூர்க் குழந்தை எளிதில் உள்ளே செல்ல வேண்டும். தொலைவிலிருந்து வருவோன் அச்சுவரைக் காக்கும் செலவில் கூடுதலான பங்கை ஏற்க வேண்டும். இம்முறையில் நேர்மை இருக்கிறது.

ஆனால், சீட்டில் அச்சிடப்படாத விலையும் ஒன்றுண்டு. மலைப்பாதையில் நான்கு நாள் நடந்து மாச்சு பிச்சுவை அடையும் இன்கா வழிக்கு, உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூலமே செல்ல இயலும். நாளொன்றுக்கு வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் உட்பட 500 பேருக்கே அனுமதி. கூடாரமும் சமையற் பாத்திரமும் நம் மூட்டையும் ஏறிச் செல்வது மலைவாழ் உழவரின் தோள்களில். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமத்தலாகாது என்று 2001-ஆம் ஆண்டில் பெரு அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்ததெனில், அதற்கு முன் அத்தோள்கள் எவ்வளவு தாங்கின என்பதை நாமே உய்த்துணரலாம். பிறரைவிடப் பெரிதும் குறைந்த விலை கூறும் நிறுவனம், அக்குறைவை எங்கே ஈடு செய்கிறது என்று கேட்டறிவது பயணியின் கடமை.

அடிவாரத்து மக்களின் பிழைப்பும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. 2024 ஜனவரியில், நுழைவுச் சீட்டு விற்பனையைத் தனியார் நிறுவனத்திடம் விட்டதை எதிர்த்து அவ்வூரார் வேலைநிறுத்தம் செய்தனர். இரயில்கள் நின்றன. சில நாட்களில் அரசு இணங்கி வந்து, அவ்வொப்பந்தத்தை முடித்துக்கொள்ள உடன்பட்டது. கற்களுக்கும் ஓய்வு தேவை. மிகுந்த காலடிகளால் படிகள் தேய்வதைத் தடுக்கவே, நாள்தோறும் நுழைவோர் தொகைக்கு வரம்பு விதித்துள்ளனர். 2024 முதல் அது 4,500 என்றும், கூட்டம் மிகும் சில நாட்களில் 5,600 என்றும் வகுக்கப்பட்டது. எனவே பணம் இருந்தும் சீட்டுக் கிட்டாமற் போகலாம். திங்கள் சிலவற்றுக்கு முன்பே பதிவு செய்வது நலம்.

இக்கணக்கை எல்லாம் கண்ட பின் நம்மில் சிலர் செலவழுங்குவர். அதில் தவறொன்றுமில்லை, ஹம்பிக்கு இரயில் இருக்கிறது, நாமும் இன்னும் பார்க்கவில்லை. புறப்படத் துணிவோர் ஒன்றை மனத்திற் கொள்க. வாயிலிற் கொடுக்கும் கட்டணத்தில் குறைக்க இடமில்லை. விடுதியிலும் வண்டியிலும் வேண்டுமளவு சிக்கனம் செய்யலாம். சுமை தூக்குவோன் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்.