பெண்கள் உடல்நல முன்னெடுப்பு

பெண்கள் உடல்நல முன்னெடுப்பு என்பது, மாதவிடாய் நின்ற பெண்களிடையே காணப்படும் இதய நோய், மார்பகப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய், எலும்பு முறிவு ஆகியவற்றைத் தடுக்கும் வழிகளைக் கண்டறிவதற்காக ஐக்கிய அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு நீண்டகால மருத்துவ ஆய்வுத் திட்டம் ஆகும். அந்நாட்டின் தேசிய நலவாழ்வுக் கழகங்கள் இதனை நடத்தின. 1993 முதல் 1998 வரை, 50 முதல் 79 வரையான அகவையுடைய 1,61,808 பெண்கள் 40 மருத்துவ மையங்கள் வழியாக இதில் சேர்க்கப்பட்டனர்.

இத்திட்டத்தின் ஒரு பகுதியான ஹார்மோன் சிகிச்சை ஆய்வு, 2002 இல் உரிய காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. மருந்தின் தீமைகள் நன்மைகளை விஞ்சியதே அதற்குக் காரணம். அம்முடிவு உலகெங்கும் மாதவிடாய் நிறுத்தத்துக்கான மருத்துவத்தை மாற்றியமைத்தது. அது எந்த அகவைப் பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது அதன்பின் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

பின்னணி

ஹார்மோன் சிகிச்சை

பெண்ணின் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. பொதுவாக 45 முதல் 55 அகவைக்குள் இச்சுரப்பு வெகுவாகக் குறைந்து மாதவிடாய் நின்றுவிடுகிறது. இக்காலத்தில் பலருக்குத் திடீரென உடல் கொதித்து வியர்த்தல், உறக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி முதலிய தொல்லைகள் ஏற்படுகின்றன. எலும்புகளின் அடர்த்தியும் விரைந்து குறைகிறது. குறைந்துவிட்ட ஹார்மோனை மருந்தாக வெளியிலிருந்து கொடுப்பதே ஹார்மோன் சிகிச்சை எனப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் இதற்கென 1942 இல் பிரிமரின் என்னும் மாத்திரை ஒப்புதல் பெற்றது. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன்களே இதன் மூலப்பொருள். 1966 இல் ராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர் எழுதிய நூல் ஒன்று, மாதவிடாய் நிறுத்தத்தை ஒரு குறைபாட்டு நோயாகவும் ஈஸ்ட்ரோஜனை அதற்கான தீர்வாகவும் காட்டிப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

ஈஸ்ட்ரோஜனைத் தனியாக உட்கொள்வோருக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் கூடுதலாக ஏற்படுவதை 1975 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளரத் தூண்டுகிறது. புரோஜெஸ்ட்டிரோன் அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே கருப்பை உள்ள பெண்களுக்கு, புரோஜெஸ்ட்டிரோனை ஒத்த செயற்கை மருந்தொன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதுமானது.

அவதானிப்பு ஆய்வுகள்

1980களிலும் 1990களிலும் வெளியான பல அவதானிப்பு ஆய்வுகள், ஹார்மோன் உட்கொள்ளும் பெண்களுக்கு இதய நோய் குறைவாக வருவதாகக் கூறின. இவற்றுள் 1976 இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வு புகழ்பெற்றது. இதனால் உடல் தொல்லைகளைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட மருந்து, இதயத்தைக் காக்கும் மருந்தாகவும் பரிந்துரைக்கப்படலாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1995 இல் ஆண்டுக்கு 5.8 கோடியாக இருந்த ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் 1999 இல் 9 கோடியாக உயர்ந்தன. ஏறத்தாழ 1.5 கோடிப் பெண்கள் அவற்றைப் பயன்படுத்தினர்.

ஆனால் அவதானிப்பு ஆய்வில், மருந்தை யார் உட்கொள்வது என்பதை ஆய்வாளர் தீர்மானிப்பதில்லை. ஹார்மோனை விரும்பி உட்கொண்டோர் பெரும்பாலும் கல்வியும் வசதியும் மிக்கவர்களாகவும், மருத்துவரை ஒழுங்காகச் சந்திப்பவர்களாகவும் இருந்தனர். அவர்களுக்கு இதய நோய் குறைந்தது மருந்தினாலா, வாழ்க்கை முறையினாலா என்பதை இவ்வகை ஆய்வினால் உறுதியாகப் பிரித்தறிய இயலாது.

ஆய்வுகளில் பெண்கள் இன்மை

அக்காலத்தில் இதய நோய் பற்றிய பெரிய ஆய்வுகள் பல ஆண்களைக் கொண்டே நடத்தப்பட்டன. மாரடைப்பைத் தடுப்பதில் ஆஸ்பிரினின் பயனை ஆராய்ந்த மருத்துவர் நல ஆய்வில் பங்கேற்ற 22,071 பேரும் ஆண்களே. ஆய்வுகளில் பெண்கள் சேர்க்கப்படாமை குறித்து 1990 இல் அமெரிக்கக் காங்கிரசில் கடும் கண்டனம் எழுந்தது. 1991 இல் தேசிய நலவாழ்வுக் கழகங்களின் முதல் பெண் இயக்குநராகப் பொறுப்பேற்ற இதய மருத்துவர் பெர்னடின் ஹீலி, அவ்வாண்டிலேயே இத்திட்டத்தை அறிவித்தார்.

ஆய்வின் அமைப்பு

பங்கேற்றோரில் 93,676 பேர் அவதானிப்புப் பிரிவில் மட்டும் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். எஞ்சிய 68,132 பேர் பின்வரும் சோதனைகளில் ஒன்றிலோ பலவற்றிலோ இடம்பெற்றனர்.

* ஹார்மோன் சிகிச்சை – 27,347 பேர்
* கொழுப்புக் குறைந்த உணவு – 48,835 பேர்
* கால்சியம், உயிர்ச்சத்து டி – 36,282 பேர்

ஹார்மோன் சோதனை இரு பிரிவுகளைக் கொண்டது. கருப்பை உள்ள 16,608 பேரில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 0.625 மில்லிகிராம் குதிரை ஈஸ்ட்ரோஜனும் 2.5 மில்லிகிராம் மெட்ராக்சிபுரோஜெஸ்ட்டிரோன் அசிட்டேட்டும் அடங்கிய கூட்டு மாத்திரை கொடுக்கப்பட்டது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பேரில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கப்பட்டது. இரு பிரிவுகளிலும் மற்றவர்கள் மருந்தற்ற போலி மாத்திரையைப் பெற்றனர். யாருக்கு எது என்பது சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில், தீர்மானிக்கப்பட்டது. பங்கேற்ற பெண்ணுக்கோ அவரைக் கவனித்த மருத்துவருக்கோ அது தெரியாது. இதனால் கல்வி, வசதி, பழக்கவழக்கம் ஆகிய வேறுபாடுகள் இரு குழுக்களிலும் சமமாகப் பரவுகின்றன. குழுக்களிடையே பின்னர் தோன்றும் வேறுபாட்டுக்கு மருந்தே காரணம் எனக் கொள்ள முடிகிறது.

கூட்டு மருந்து ஆய்வின் முடிவு

சராசரியாக 8.5 ஆண்டுகள் நடைபெறவிருந்த கூட்டு மருந்து ஆய்வு, 5.2 ஆண்டுகளில் 2002 சூலையில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் முன்னரே வரையறுக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. மொத்தத்தில் தீமைகளும் மிகுந்திருந்தன. 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால் கிடைக்கும் எண்ணிக்கைகள் வருமாறு:

* இதயத் தமனி நோய்: போலி மாத்திரைக் குழுவில் 30, மருந்துக் குழுவில் 37
* பக்கவாதம்: 21, 29
* நுரையீரல் குருதிக்கட்டி அடைப்பு: 8, 16
* மார்பகப் புற்றுநோய்: 30, 38
* பெருங்குடல் புற்றுநோய்: 16, 10
* இடுப்பெலும்பு முறிவு: 15, 10

இறுதி இரண்டும் மருந்தின் நன்மைகள். எனினும் இதயத்தைக் காக்கும் என எதிர்பார்க்கப்பட்ட மருந்து அதனைச் செய்யவில்லை. முன்னரே இதய நோய் உள்ள 2,763 பெண்களிடம் நடத்தப்பட்டு 1998 இல் வெளியான மற்றோர் ஆய்விலும் இம்மருந்து பயனளிக்கவில்லை.

எண்களைப் பொருள் கொள்ளுதல்

மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்னும் செய்தி பரவலாக வெளியானது. இது இரு குழுக்களின் வீதங்களை ஒப்பிடும் சார்பு இடர். மேற்கண்ட பட்டியலின்படி 10,000 பேருக்கு ஓராண்டில் கூடியது 8 பேர். இது தனி இடர். ஒரு பெண் கூட்டு மருந்தை ஐந்தாண்டு உட்கொண்டால் அவருக்கு ஏற்படும் கூடுதல் இடர் தோராயமாக 1,000க்கு 4 ஆகும்.

எனினும் இச்சிறிய எண்ணைப் புறக்கணிக்க இயலாது. அப்போது ஐக்கிய அமெரிக்காவில் சுமார் 60 லட்சம் பெண்கள் கூட்டு மருந்தை உட்கொண்டு வந்தனர். அனைவருக்கும் இதே வீதம் பொருந்தும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 4,800 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் ஏற்படும். கடுமையான தொல்லைக்காக மருந்து கேட்கும் ஒருவருக்கு ஏற்கத்தக்கதாக இருக்கும் இடர், நலமாக உள்ள இலட்சக்கணக்கானோருக்கு நோய்த்தடுப்பாக அதே மருந்தைக் கொடுக்கும்போது ஏற்கத்தக்கதன்று.

ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றோர்

ஈஸ்ட்ரோஜன் ஆய்வு 2004 இல் நிறுத்தப்பட்டது. இதில் ஆண்டுக்கு 10,000 பேரில் 12 பேருக்குப் பக்கவாதம் கூடியது. 6 பேருக்கு இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. இதய நோயில் கூடுதலோ குறைவோ உறுதிப்படவில்லை. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. மாறாகச் சற்றுக் குறைந்தே காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர் கவனிப்பின் முடிவுகள் 2020 இல் வெளியாயின. ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றோருக்கு மார்பகப் புற்றுநோய் 22 விழுக்காடு குறைவாகவும், கூட்டு மருந்து பெற்றோருக்கு 28 விழுக்காடு கூடுதலாகவும் ஏற்பட்டிருந்தது. எனவே எல்லா ஹார்மோன் மருந்துகளையும் ஒன்றெனக் கருதுவது தவறாகும்.

முதுமை மறதி

65 அகவைக்கு மேற்பட்ட 4,532 பெண்களிடம் கூட்டு மருந்து நினைவாற்றலைக் காக்குமா என்பதும் ஆராயப்பட்டது. 2003 இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோரில் 40 பேருக்கும் மற்றவர்களில் 21 பேருக்கும் முதுமை மறதி ஏற்பட்டது. இம்முடிவு 65 அகவையைக் கடந்து மருந்தைத் தொடங்கியோருக்கு உரியது.

விளைவுகள்

முடிவு வெளியானதும் ஹார்மோன் மருந்துகளின் பயன்பாடு வேகமாகச் சரிந்தது. 2003 இன் முற்பாதியில், ஆய்வில் பயன்பட்ட கூட்டு மாத்திரைக்கான மருந்துச் சீட்டுகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003 இல் ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கையை இடப் பணித்தது. 2003 இல் ஐக்கிய அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வீதம் முந்தைய ஆண்டைவிட 6.7 விழுக்காடு குறைந்தது. மருந்துப் பயன்பாடு குறைந்ததை இதற்கொரு காரணமாக ஆய்வாளர்கள் கருதினர்.

மறுபுறம், தூக்கத்தையும் அன்றாடப் பணியையும் கெடுக்கும் கடுமையான தொல்லைகள் உடைய 50 அகவைப் பெண்களும் மருந்தைக் கைவிட்டனர். மருத்துவர்களும் அதனைப் பரிந்துரைக்கத் தயங்கினர்.

அகவை பற்றிய விவாதம்

கூட்டு மருந்து ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி அகவை 63. மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே 50–59 அகவையினர். ஐந்தில் ஒரு பங்கினர் 70ஐக் கடந்தவர்கள். இது கவனக்குறைவன்று. இளம் அகவையினரிடம் மாரடைப்பு அரிதாகையால், சில ஆண்டுகளுக்குள் முடிவு கிடைக்க வேண்டுமெனில் மூத்தோர் தேவைப்பட்டனர். கடுமையான உடற்கொதிப்பு உள்ளோர் போலி மாத்திரையை எளிதில் அடையாளம் கண்டுகொள்வர் என்பதால், அத்தகையோர் ஆய்வில் சேர ஊக்குவிக்கப்படவில்லை. ஆனால் நடைமுறையில் இம்மருந்தை நாடுவோர் பெரும்பாலும் 50 அகவையை ஒட்டிய, இத்தகைய தொல்லை உள்ள பெண்களே.

'நலமாக உள்ள மூத்த பெண்களுக்கு நோய்த்தடுப்பாக இம்மருந்தைக் கொடுக்கலாமா?' என்பதே ஆய்வு எழுப்பிய வினா. 'கூடாது' என்னும் விடை அவ்வினாவுக்கு உரியது. அது, மாதவிடாய் அண்மையில் நின்று தொல்லைக்கு மருந்து கேட்கும் பெண்ணுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது.

2007 இல் ஆய்வாளர்களே இரு பிரிவுகளின் தரவுகளையும் இணைத்து மறுபகுப்பாய்வு செய்தனர். மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் இருந்தோரில் இதய நோய், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 6 குறைவாகவும், 20 ஆண்டுகளைக் கடந்தோரில் 17 கூடுதலாகவும் இருந்தது. ஆனால் பக்கவாதத்தின் சார்பு இடர் அகவையைப் பொறுத்துக் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. நலமான தமனிகளில் ஈஸ்ட்ரோஜன் கொழுப்புப் படிவைத் தாமதப்படுத்தக்கூடும் என்றும், முன்னரே படிவு முற்றிய தமனிகளில் அதே மருந்து அடைப்பைத் தூண்டக்கூடும் என்றும் விளக்கம் கூறப்படுகிறது. இது காலக் கருதுகோள் எனப்படுகிறது. 2017 இல் வெளியான 18 ஆண்டுக் கணக்கில், மருந்து பெற்றோரில் 27.1 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 27.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அதாவது மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை.

பிற சோதனைகள்

2006 இல் மற்ற இரு சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. கொழுப்புக் குறைந்த உணவு உண்டோருக்கு மார்பகப் புற்றுநோய் 9 விழுக்காடு குறைந்தது. ஆனால் அது புள்ளியியல் அடிப்படையில் உறுதியானதன்று. கால்சியமும் உயிர்ச்சத்து டியும் பெற்றோருக்கு இடுப்பெலும்பு அடர்த்தி சற்றுக் கூடியது. எலும்பு முறிவு உறுதியாகக் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது.

தற்போதைய நிலை

நீடித்த நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சை மேற்கொள்ள வேண்டாம் என அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022 இல் மீண்டும் அறிவுறுத்தியது. அதே ஆண்டு வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம், 60 அகவைக்குட்பட்ட அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குட்பட்ட, மருத்துவத் தடை ஏதுமில்லாத பெண்களுக்கு உடற்கொதிப்பைத் தணிப்பதில் நன்மை தீமையை விஞ்சும் என்றது. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகளாதலால் முரண்பட்டவை அல்ல.

2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இதய நோய், மார்பகப் புற்றுநோய், முதுமை மறதி ஆகியவை குறித்த கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கவிருப்பதாக அறிவித்தது. தனி ஈஸ்ட்ரோஜனால் ஏற்படும் கருப்பை உட்படலப் புற்றுநோய் குறித்த எச்சரிக்கை தொடரும் எனவும் அது தெரிவித்தது.

இவ்வாய்வில் சோதிக்கப்பட்டவை வாய்வழி உட்கொள்ளும் குறிப்பிட்ட மருந்துகள் மட்டுமே. தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டைகள், இயற்கைப் புரோஜெஸ்ட்டிரோன் முதலியன இதில் சோதிக்கப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

* மாதவிடாய் நிறுத்தம்
* ஈஸ்ட்ரோஜன்
* மார்பகப் புற்றுநோய்
* எலும்புப்புரை
* மருந்துப்போலி