அணில், இன்வெர்ட்டர், வாய்ப்பூட்டு



போன வருஷம் மாடல் எக்ஸாம் சமயம். ராத்திரி எட்டரை மணிக்கு ஹாஸ்டலில் கரண்ட் போய்விட்டது. ஒன்பது ஆச்சு, பத்து ஆச்சு, வரவில்லை. மறுநாள் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பரீட்சை. செல்போன் வெளிச்சத்தில் இண்டக்‌ஷன் மோட்டார் படித்துக்கொண்டிருந்தோம். என் ரூம்மேட் பொறுக்க முடியாமல் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டான்: "இந்த ஆட்சி வந்தாலே இருட்டுதான்." அஞ்சு நிமிஷத்தில் எதிர் ரூம் பையன் பதில் போட்டான்: "உங்க ஆட்சியில இருட்டுல கிடந்தது மறந்து போச்சா?" பத்தரைக்குள் ஹாஸ்டலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பதினோரு மணிக்கு வார்டன் வந்தார். "முதல்ல அந்த ஸ்டேட்டஸை அழிடா தம்பி. யாராவது பார்த்து வம்பாயிடப் போகுது" என்றார். அழித்தான். கரண்ட் மட்டும் வரவில்லை.

காலையில் லைன்மேன் அண்ணன் வந்து பார்த்தார். ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் ஜம்பர் கட். அரை மணி நேர வேலை. "ராத்திரியே சொல்லியிருந்தா அப்பவே போட்டிருப்போமே" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அத்தனை பேர் சண்டை போட்டோம்; ஒருத்தர்கூட புகார் எண்ணுக்குப் போன் போடவில்லை. இத்தனைக்கும் பாதிப் பேர் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ!

கட்சி, கரண்ட், போனில் எழுதும் உரிமை ஆகிய மூன்றும் அன்று ராத்திரி ஒரே அறையில் முட்டிக்கொண்டன. நாட்டிலும் அப்படித்தான் முட்டிக்கொள்கின்றன. இந்த மூன்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அணில் செய்த வேலை

2021 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் ஆட்சி மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கங்கே மின்தடை. அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்ன காரணங்களில் ஒன்று: கம்பியில் செடி கொடி படர்கிறது, அதன் மேல் அணில் ஓடும்போது கம்பிகள் உரசிக் கரண்ட் போகிறது. அவ்வளவுதான், நாடே சிரித்தது. அணில் படம் போட்ட மீம்ஸ் இல்லாத போனே கிடையாது. எதிர்க்கட்சிகளும் பிடித்துக்கொண்டன.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். பிறகு பாடப் புத்தகத்தைத் திறந்து யோசித்தேன். கம்பியில் உட்காரும் காக்காய்க்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? இரண்டு காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. ஆனால் டிரான்ஸ்பார்மர் மேல் ஏறுகிற அணிலின் கதை வேறு. டாங்க் எர்த் ஆகியிருக்கிறது. அதற்கு மேலே புஷ்ஷிங் முனையில் 11 கே.வி. லைன். ஒரு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 11-ஐ ரூட் 3-ஆல் வகுத்தால் சுமார் 6,350 வோல்ட். பின்னங்கால் டாங்கில் இருக்க முன்னங்காலை முனையில் வைத்தால் அணிலே கம்பியாகிவிடும். எச்.ஜி. பியூஸ் போனால் அந்தத் தெருவோடு போச்சு. பியூஸுக்கு முன்னால் லைனிலேயே பால்ட் ஆனால், சப்-ஸ்டேஷனில் எர்த் பால்ட் ரிலே வேலை செய்து பிரேக்கர் விழும். அந்தப் பீடரில் இருக்கிற ஊர் அத்தனையும் இருட்டு.

அமெரிக்காவில் 1987 டிசம்பரில் ஒரே ஒரு அணில் செய்த வேலையால் நாஸ்டாக் பங்குச் சந்தை ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. அங்கே பொதுத்துறை மின் நிறுவனங்களின் சங்கம், அணிலால் வரும் மின்தடையைக் கணக்கிட ஒரு குறியீட்டெண்ணே வைத்திருக்கிறது.

அப்படியானால் அமைச்சர் சொன்னது சரி, சிரித்தவர்கள் முட்டாள்களா? அதுவும் கிடையாது. அணில் எல்லா ஆட்சியிலும் ஓடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பீடரில், எத்தனை தடவை, எவ்வளவு நேரம்? இதற்கு உலகம் முழுக்க இரண்டு அளவுகோல் உண்டு. ஒரு நுகர்வோருக்கு வருஷத்தில் சராசரியாக எத்தனை தடவை கரண்ட் போனது என்பது சைஃபி. மொத்தம் எவ்வளவு நேரம் போனது என்பது சைடி. கணக்கு சுலபம். 2,000 இணைப்பு உள்ள பீடரில் 500 வீட்டுக்கு 60 நிமிஷம் கரண்ட் இல்லையென்றால், 500-ஐ 60-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 15 நிமிஷம். இந்த எண்ணை மாசா மாசம் டீக்கடையில் ஒட்டினால் அணில் குற்றவாளியா இல்லையா என்று தானாகத் தெரிந்துவிடும்.

கரண்ட் போவதில் மூன்று ரகம்

ஒன்று, அணில், காற்று, மரக்கிளை, ஜம்பர் கட். இது எப்போது வேண்டுமானாலும் வரும். இரண்டு, பராமரிப்புக்காக நிறுத்துவது. முன்கூட்டியே பேப்பரில் போடுவார்கள். மூன்றாவதுதான் உண்மையான பற்றாக்குறை. தேவைக்கு உற்பத்தி போதாதபோது அலைவெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும். கிரிட்டைக் காப்பாற்ற ஊர் ஊராக முறை வைத்து நிறுத்துவார்கள். கடிகாரம் பார்த்து வருவது இதன் அடையாளம்.

2008 முதல் 2013 வரை தமிழ்நாடு பட்டது இந்த மூன்றாவது ரகம். நம் அப்பா அம்மாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். சிறுதொழில் பட்டறைகள் பகலில் சும்மா கிடந்தன. இடையில் 2011 தேர்தலில் ஆட்சியும் மாறியது. வெட்டு மட்டும் மாறவில்லை. அவர்கள் திட்டம் போடவில்லை என்று இவர்கள், இவர்கள் முடிக்கவில்லை என்று அவர்கள். உண்மைக் காரணங்களில் ஒன்றை மேடையில் பேசியவர்கள் குறைவு. அன்றைக்குத் தென்னக கிரிட் மற்ற கிரிட்டுகளோடு ஒத்திசைந்து இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் வந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். வெளியே கரண்ட் இருந்தாலும் வேண்டிய அளவு கொண்டுவரக் கம்பி போதவில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். கூடங்குளம் ஒப்பந்தம் 1988 நவம்பரில் கையெழுத்தானது. முதல் உலை கிரிட்டுக்குக் கரண்ட் கொடுத்தது 2013 அக்டோபரில். நடுவில் தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. மின் நிலையத்தின் வயசு வேறு, ஆட்சியின் வயசு வேறு. ஒருத்தர் கல் நடுவார், இன்னொருத்தர் ரிப்பன் வெட்டுவார், நடுவில் இருந்தவர் திட்டு வாங்குவார்.

இன்வெர்ட்டர் வீடியோ

இப்போது நம் மாநிலத்தை விட்டுச் சத்தீஸ்கருக்குப் போவோம். அது நிலக்கரி மாநிலம். கோர்பாவின் அனல்மின் நிலையங்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2018 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. மின் கட்டணத்தில் பாதி என்பது அதன் பெரிய வாக்குறுதி. 400 யூனிட் வரை அதை நிறைவேற்றவும் செய்தது. ஆனால் 2019 கோடையில் மின்தடை பற்றிப் பலத்த புகார். ஒருவர் வீடியோ போட்டார்: இன்வெர்ட்டர் கம்பெனியோடு அரசு பேசி வைத்துக்கொண்டுதான் கரண்டை நிறுத்துகிறது என்று. ஜூன் மாதம் போலீஸ் அவரைக் கைது செய்தது. போட்ட பிரிவு என்ன தெரியுமா? ராஜத்ரோகம், 124-ஏ!

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 2019-ல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு அதே கட்சி கொடுத்த அறிக்கையில், ராஜத்ரோகப் பிரிவை நீக்குவோம் என்று எழுதியிருந்தது. முதல்வர் பூபேஷ் பாகேல் தலையிட்ட பிறகு அந்தப் பிரிவு கைவிடப்பட்டது.

அந்த வீடியோக்காரர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மருந்து என்ன? சப்-ஸ்டேஷன் லாக் புக்கைத் திறந்து, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன காரணத்தால் டிரிப் ஆனது என்று காட்டினால் வதந்தி அன்றே செத்துவிடும். கைது செய்தபோது என்ன ஆச்சு? அவர் ஊரில் மட்டும் சுற்றிய வீடியோவை நாடே பார்த்தது. எங்கள் ஹாஸ்டல் கதையேதான். ஸ்டேட்டஸை அழித்தால் ஜம்பர் சேர்ந்துவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

போனில் எழுதுவதைக் குற்றமாக்கிய பழைய பிரிவு 66-ஏ. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் திருத்தமாக நுழைந்து 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. "எரிச்சல்", "அசௌகரியம்" உண்டாக்கினாலே மூன்று வருஷம் வரை ஜெயில். யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்று அளக்க மீட்டர் கிடையாது. 2012-ல் மும்பை பக்கம் பால்கரில், பந்த் பற்றி பேஸ்புக்கில் எழுதியதற்காக ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்டதற்காக அவர் தோழியும் கைதானார்கள்.

ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்சநீதிமன்றம் போனார். நம்மைப்போல ஒரு ஸ்டூடண்ட்! 2015 மார்ச் 24-ல் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அந்தப் பிரிவையே ரத்து செய்தார்கள். விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, வன்முறைக்குத் தூண்டுவது ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டி, தூண்டுதல் என்ற கட்டம் வந்தால்தான் சட்டம் கை வைக்கலாம் என்றார்கள்.

இந்தப் பிரிவைக் கொண்டுவந்தது காங்கிரஸ் கூட்டணி அரசு. கோர்ட்டில் நின்று காப்பாற்றப் பார்த்தது பா.ஜ.க. கூட்டணி அரசு. நாங்கள் நியாயமாகத்தான் பயன்படுத்துவோம் என்று வாக்குக் கொடுத்தது. இன்றைய அரசின் வாக்கு நாளைய அரசைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட் அதை ஏற்கவில்லை. ரத்தான பிறகும் பல ஊர்களில் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டு வந்ததால், 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ராஜத்ரோகப் பிரிவும் 2022 மே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயர் கிடையாது. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்ற 152-வது பிரிவு இருக்கிறது. எனவே எழுதுகிறவர்கள் பொய் சொல்லாமலும், யார் மேலும் கல்லெறியச் சொல்லாமலும் எழுதினால் நல்லது. அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

நாளைய கரண்டுக்கு இன்றைய பேச்சு

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இனி வரப்போகும் மின்சாரம் மக்கள் ஒத்துழைக்காமல் ஓடாது. முப்பந்தலில் காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை வெளுத்து வாங்கும். தை மாதம் பல நாள் சும்மா நிற்கும். 2016-ல் கமுதியில் வந்த 648 மெகாவாட் சோலார் பார்க் உச்சி வெயிலில் கொடுக்கும். ராத்திரி ஏழு மணிக்கு நாம் ஏ.சி. போடும்போது கொடுக்காது. மிச்சத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் அந்த வேலையை 1980-களின் கடைசியிலிருந்தே செய்கிறது. கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுற்றும். இதுபோல் இன்னும் வேண்டும். மலையும் காடும் சம்பந்தப்பட்ட விஷயம், எதிர்ப்பும் வரும்.

இன்னொரு வழி, நேரத்துக்குத் தக்க கட்டணம். 2023 ஜூனில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: சூரிய ஒளி உள்ள நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதல். எந்தக் கட்சி இதை ஓட்டுக் கேட்கும்போது சொல்லும்? 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். இலவசம் கூடாது என்று சொல்ல வரவில்லை. என் வீட்டுக்கும் அந்த 100 யூனிட்டால்தான் பில் தாங்குகிறது. ஆனால் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, லைனைப் பராமரிக்க மிச்சம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கூடங்குளமும் பாடம். அங்கே போராடிய ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் மீது ராஜத்ரோக வழக்குகள் பாய்ந்தன. 2013 மே மாதம் உலையை அனுமதித்த அதே தீர்ப்பில், அந்தக் கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் சொன்னது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கலாம். உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் அதைக் கேட்கக் கூடாது என்பதில் எந்த இன்ஜினியரிங்கும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

லாக் புக் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு எத்தனை பேர்? மந்திரிக்குத் தெரியாது, மீம்ஸ் போடுகிறவருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். நாளைக்கு அந்த லாக் புக்கில் எழுதப்போவதும் நம்மில் பலர்தான். "காரணம்" என்ற கட்டத்தில் சும்மா "டிரான்சியன்ட்" என்று கிறுக்காமல் உள்ளதை எழுதினால், அதுவே பெரிய கருத்துச் சுதந்திரம்.

அன்றைக்குப் பிறகு நானும் ரூம்மேட்டும் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டில், கரண்ட் போன நேரம், வந்த நேரம், தெரு மட்டுமா பீடர் முழுக்கவா என்று குறித்து வந்தோம். பாதிக்கு மேல் காற்றடித்த நாட்களில்தான் போயிருந்தது. செக்‌ஷன் ஆபீஸில் ஏ.இ. சாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். முதலில் முறைத்தார், பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தார். அடுத்த வாரம் காம்பவுண்டை ஒட்டி நின்ற வேப்பமரக் கிளைகளை வெட்டினார்கள்.

ரூம்மேட் அந்த நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து மறுபடி ஸ்டேட்டஸ் போட்டான். வார்டனும் பார்த்தார். இந்தத் தடவை அழிக்கச் சொல்லவில்லை. எதிர் ரூம் பையன் மட்டும் வந்து கேட்டான்: "எங்க தெருவுக்கும் இதே மாதிரி எழுதணும், எப்படி ஆரம்பிக்கிறது?"